நிழல்களிலிருந்து உருவம் கண்டவர்

ஜொகூர் பாருவில் உள்ள சுல்தானா அமினா மருத்துவமனைக்கு மாநிலத்தின் பல ஊர்களிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். சிகாமட்டிலிருந்து வரும் ஒருவருக்குப் பல நாள்களாகத் தலைவலி தீராமல் இருக்கலாம். மெர்சிங்கிலிருந்து வரும் இன்னொருவருக்குத் திடீரென ஒரு கை மரத்துப் போய்ப் பேச்சும் குழறலாம். மூளையில் இரத்தம் கசிந்திருக்கிறதா, இரத்தக் குழாய் அடைபட்டிருக்கிறதா, கட்டி ஏதேனும் வளர்ந்திருக்கிறதா என்பதை மருத்துவர் விரைவாக அறிய வேண்டும். அதற்காக அவர் மண்டையோட்டைத் திறந்து பார்ப்பதில்லை. நோயாளியைச் சி.டி. ஸ்கேன் அறைக்கோ எம்.ஆர்.ஐ. அறைக்கோ அனுப்புகிறார். சிறிது நேரத்தில் மூளையின் உட்புறம், வெட்டி வைத்த பழத்தைப் போலக் கணினித் திரையில் அடுக்கடுக்காகத் தெரிகிறது.

ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு இது முடியாத செயலாக இருந்தது. சாதாரண எக்ஸ் கதிர்ப் படத்தில் மண்டையோடு தெளிவாகத் தெரியும், மூளையோ தெரியாது. ஆகவே, முதுகுத் தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீரை வெளியேற்றி, அதற்குப் பதிலாகக் காற்றைச் செலுத்திப் படம் எடுத்தார்கள். நோயாளிக்கு அது கடும் வலியைத் தந்தது. அப்படி எடுத்த படத்திலும் மருத்துவர் பாதியை ஊகித்தே அறிய வேண்டியிருந்தது.

இந்த நிலையை மாற்றியவர்கள் பலர். அவர்களுள் ஒருவர் மருத்துவரும் அல்லர். ஸ்கேன் கருவி எதையும் செய்தவரும் அல்லர். காகிதத்திலும் கணினியிலும் கணக்குப் போட்ட ஓர் இயற்பியலாளர் அவர். ஜி. என். இராமச்சந்திரன் என்று உலகம் அவரை அறியும்.

கோபாலசமுத்திரம் நாராயண இராமச்சந்திரன் 1922ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் எர்ணாகுளத்தில் பிறந்தார். பெயரின் முன்னால் நிற்கும் கோபாலசமுத்திரம், தமிழகத்தின் திருநெல்வேலிப் பகுதியில் உள்ள அவர்களது குடும்பத்தின் ஊர். தந்தையார் நாராயண ஐயர் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்தார். அவர் மகனுக்குக் கணக்குகளைக் கொடுத்து விடை கண்டு வரச் சொல்வார். கணக்கைத் தண்டனையாக எண்ணாமல் விளையாட்டாக எண்ணும் பழக்கம் சிறுவனுக்கு வீட்டிலேயே வந்துவிட்டது. விளையும் பயிர் முளையிலே தெரிந்தது.

திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்ற இராமச்சந்திரன், 1942இல் பட்டம் பெற்று பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். அவர் முதலில் சேர்ந்தது மின்பொறியியல் துறையில்தான். ஆனால், அவரது மனம் இயற்பியலையே நாடியது. அப்போது அக்கழகத்தின் இயற்பியல் துறையை நடத்தி வந்தவர் நோபல் பரிசு பெற்ற சர் சி. வி. இராமன். இளைஞரின் கூர்மையைக் கண்டுகொண்ட இராமன், அவரைத் தம் துறைக்கே அழைத்துக்கொண்டார். படிகங்களின் மீது ஒளியும் எக்ஸ் கதிரும் படும்போது என்ன நிகழ்கிறது என்பதை இராமச்சந்திரன் அங்கு ஆராய்ந்தார். பின்னர் 1947 முதல் 1949 வரை இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றார்.

1952இல் சென்னைப் பல்கலைக்கழகம் இயற்பியல் துறை ஒன்றை அமைக்க விரும்பியது. துணைவேந்தர் ஏ. இலட்சுமணசாமி முதலியார் அத்துறைக்குத் தலைவரைத் தேடியபோது, இராமன் தம் மாணவரின் பெயரைப் பரிந்துரைத்தார். முப்பது வயதை எட்டும் பருவத்திலேயே இராமச்சந்திரன் துறைத் தலைவரானார். புதிய துறை, வசதிகளும் குறைவு. மேலைநாட்டு ஆய்வுக்கூடங்களில் இருந்த கருவிகள் பல அங்கில்லை. எக்ஸ் கதிரைக் கொண்டு படம் எடுக்கும் திறமையும், கணக்கிடும் ஆற்றலும், சில இளம் ஆய்வாளர்களுமே அவரது முதலீடாக இருந்தன.

அவ்வாண்டு சென்னைக்கு வந்த ஆங்கில அறிவியலாளர் பெர்னால், கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் எவருக்கும் சரியாகத் தெரியவில்லை என்று குறிப்பிட்டார். தோல், எலும்பு, தசைநார் ஆகியவற்றுக்கு உறுதி தருவது கொலாஜன். மனித உடலில் உள்ள புரதத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதுவே. தோல் பற்றிய ஆய்வு என்றால் சென்னைக்குப் புதியதன்று. மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் அங்கேயே இருந்தது. அந்நிலையத்திலிருந்து கொலாஜன் மாதிரிகள் கிடைத்தன. கங்காருவின் வால் தசைநாரிலிருந்து எடுத்த மாதிரியே தெளிவான எக்ஸ் கதிர்ப் படத்தைத் தந்தது.

இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் அப்படங்களை ஆராய்ந்து, 1954இலும் 1955இலும் தங்கள் முடிவை நேச்சர் என்னும் அறிவியல் இதழில் வெளியிட்டார்கள். கொலாஜன் மூன்று இழைகளால் ஆனது. அவை ஒன்றையொன்று சுற்றி, முப்புரிக் கயிற்றைப் போல முறுக்கிக்கொண்டிருக்கின்றன என்பதே அம்முடிவு. மரபணுவின் இரட்டைச் சுருள் அமைப்பு வெளியாகி ஓராண்டே ஆகியிருந்த நிலையில், சென்னையிலிருந்து ஒரு மூன்று இழைச் சுருள் வெளிவந்தது.

பாராட்டோடு கண்டனமும் வந்தது. இரட்டைச் சுருளைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரான பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும், சென்னை அமைப்பில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்று குறை கூறினார்கள். உலகப் புகழ் பெற்றவர்கள் கூறிய குறை அது. இளம் துறையின் நற்பெயருக்கே அது சோதனையாக அமைந்தது. இராமச்சந்திரன் சினந்து மறுக்கவில்லை. மனம் உடைந்து ஒதுங்கவும் இல்லை. இரண்டு அணுக்கள் எவ்வளவு தூரம்தான் நெருங்க முடியும் என்ற கேள்வியைக் கையில் எடுத்தார். அதுவரை வெளிவந்திருந்த படிக அமைப்புகளைத் தேடித் தொகுத்து, அணுக்களுக்கு இடையே உள்ள தூரங்களைப் பட்டியலிட்டார். பிறர் எண்ணியதைவிடச் சற்று நெருக்கமாகவும் அணுக்கள் இருக்கக்கூடும் என்பது தெரியவந்தது.

அந்தத் தேடல் அதோடு நிற்கவில்லை. புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும், எந்தெந்தக் கோணங்களில் அணுக்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் என்பதை அவரும் அவருடைய மாணவர்களான சி. இராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும் கணக்கிட்டார்கள். 1963இல் வெளியான அந்த வரைபடம் இன்று இராமச்சந்திரன் வரைபடம் எனப்படுகிறது. ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டதாகக் கூறுவோர், அது சரிதானா என்று சோதிக்க இன்றும் அந்த வரைபடத்தையே விரிக்கிறார்கள். ஒரு கண்டனத்திற்கு விடை தேடப் போய், உலகம் முழுவதும் பயன்படுத்தும் ஓர் அளவுகோல் கிடைத்தது.

1970இல் சென்னைப் பல்கலைக்கழகத்தை விட்டு நீங்கிய இராமச்சந்திரன், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூற்று உயிரியற்பியல் துறையை உருவாக்கினார். அதே காலத்தில் வேறொரு கேள்வியும் அவரது மனத்தில் இருந்தது. ஒரு பொருளின் நிழல்களை மட்டும் வைத்துக்கொண்டு அதன் முழு உருவத்தையும் கண்டுபிடிக்க முடியுமா என்பதே அது.

வாயாங் கூலிட் என்னும் நிழற்கூத்தைப் பார்த்தவர்களுக்கு இக்கேள்வி எளிதில் விளங்கும். திரையில் விழும் நிழல் பொம்மையின் வெளிவடிவத்தைக் காட்டும். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பொம்மைகள் நின்றால் நிழல்கள் ஒன்றாகக் கலந்துவிடும். எக்ஸ் கதிர்ப் படமும் ஒரு நிழலே. நெஞ்சைப் படம் எடுத்தால் முன்னெலும்பு, நுரையீரல், இதயம், முதுகெலும்பு ஆகிய எல்லாவற்றின் நிழலும் ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. எது முன்னே இருக்கிறது, எது பின்னே இருக்கிறது என்பது தெரிவதில்லை.

ஆனால், பல திசைகளிலிருந்து நிழல் எடுத்தால் நிலைமை மாறுகிறது. ஒரு சிறு கணக்கு இதை விளக்கும். இரண்டு வரிசைகளில் இரண்டிரண்டாக நான்கு கட்டங்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஓர் எண் மறைந்திருக்கிறது. மேல் வரிசையின் கூட்டுத்தொகை 5, கீழ் வரிசையின் கூட்டுத்தொகை 9. இடப்பக்கக் கட்டங்களின் கூட்டுத்தொகை 6, வலப்பக்கக் கட்டங்களின் கூட்டுத்தொகை 8. மேலே 2, 3 என்றும் கீழே 4, 5 என்றும் நிரப்பினால் இவை பொருந்துகின்றன. மேலே 1, 4 என்றும் கீழே 5, 4 என்றும் நிரப்பினாலும் பொருந்துகின்றன. எது சரி என்று சொல்ல முடியாது. இப்போது மேல் இடக் கட்டத்தையும் கீழ் வலக் கட்டத்தையும் கூட்டினால் 7 வரும் என்று இன்னொரு செய்தி கிடைக்கிறது. உடனே ஐயம் தீர்ந்துவிடுகிறது. முதல் விடையே சரி. குறுக்காக எடுத்த ஒரு நிழல் மறைந்திருந்த எண்களைக் காட்டிக்கொடுத்தது. உடலின் ஒரு குறுக்குவெட்டில் நான்கு கட்டங்கள் அல்ல, ஆயிரக்கணக்கான கட்டங்கள் உள்ளன. அதனால் நிழல்களும் பல திசைகளிலிருந்து எடுக்கப்பட வேண்டும்.

கோட்பாட்டின்படி இது முடியும் என்பதை யோகான் ராடோன் என்னும் கணித அறிஞர் 1917ஆம் ஆண்டிலேயே நிறுவியிருந்தார். கணக்கைச் செய்து முடிப்பதுதான் கடினமாக இருந்தது. ஒவ்வொரு நிழலையும் அது வந்த திசையிலேயே திரும்பப் பரப்பிக் கூட்டினால் உருவம் தோன்றும். ஆனால், மழைநீர் பட்ட மையெழுத்தைப் போல ஓரங்கள் கலங்கித் தெரியும். அந்தக் கலங்கலை நீக்க ஃபூரியர் உருமாற்றம் என்னும் கணித முறை உதவியது. அக்காலக் கணினிகளுக்கு அது பெருஞ்சுமை.

இராமச்சந்திரனும் ஏ. வி. லட்சுமிநாராயணனும் 1971இல் வேறொரு வழியைக் காட்டினார்கள். நிழலைத் திரும்பப் பரப்புவதற்கு முன்பே அதைத் திருத்திவிட வேண்டும் என்பதே அவ்வழி. நிழலில் உள்ள ஒவ்வொரு புள்ளியின் அளவிலிருந்தும் அண்டையில் உள்ள புள்ளிகளின் அளவில் குறிப்பிட்ட பங்குகளைக் கழிக்க வேண்டும். இவ்வாறு திருத்திய நிழல்களைப் பரப்பிக் கூட்டும்போது கலங்கல் தானே நீங்கித் தெளிவான உருவம் எஞ்சுகிறது. கூட்டலும் கழித்தலும் பெருக்கலுமே போதும், நேரமும் மிச்சம். ரேடியோ வானியலில் பிரேஸ்வெல் என்பவரும் அவருடைய குழுவினரும் இதையொத்த வழியை 1967இலேயே கண்டிருந்தார்கள். விண்மீன்களைப் பார்த்தவர்களும் மூலக்கூறுகளைப் பார்த்தவர்களும் தனித்தனியே நடந்து ஒரே இடத்திற்கு வந்து சேர்ந்தார்கள்.

அதே 1971ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள், இலண்டனில் உள்ள ஆட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் ஒரு பெண் நோயாளியின் தலை சி.டி. கருவியால் படம் எடுக்கப்பட்டது. கருவியை உருவாக்கியவர் பொறியாளர் காட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்டு. மூளையில் இருந்த கட்டி படத்தில் தெரிந்தது. அறுவை சிகிச்சையின்போது, படம் காட்டிய இடத்திலேயே அது இருந்தது. ஹவுன்ஸ்ஃபீல்டு முதலில் பயன்படுத்திய கணக்கு முறை வேறு. ஆயினும், அடுத்தடுத்து வந்த சி.டி. கருவிகளில் நிழலைத் திருத்திப் பரப்பும் முறையே பல்லாண்டுகள் கோலோச்சியது. அதில் பயன்படும் ஒரு வடிகட்டிக்கு, இராமச்சந்திரன், லட்சுமிநாராயணன் ஆகிய இருவரின் பெயர்களையும் சுருக்கி, ராம்-லக் வடிகட்டி என்றே பொறியாளர்கள் பெயரிட்டார்கள்.

எம்.ஆர்.ஐ. வரலாற்றிலும் இதே நிழற்கணக்கு வருகிறது. எம்.ஆர்.ஐ. கருவி எக்ஸ் கதிரைப் பயன்படுத்துவதில்லை. மனித உடலின் பெரும்பகுதி நீர். நீரில் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் மிகச் சிறிய காந்தங்களைப் போன்றவை. புவியின் காந்தப் புலத்தைவிட ஏறத்தாழ 30,000 மடங்கு வலிய, 1.5 டெஸ்லா காந்தப் புலத்தினுள் நோயாளி படுக்கும்போது, அவற்றில் ஒரு சிறு பங்கு கூடுதலாகப் புலத்தின் திசையில் அணிவகுக்கிறது. ரேடியோ அலையைச் செலுத்தினால் அந்த அணிவகுப்பு குலைகிறது. அலையை நிறுத்தியதும் அணுக்கருக்கள் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. திரும்பும்போது அவை தரும் மெல்லிய சமிக்ஞையைக் கருவி கேட்டுப் பதிவு செய்கிறது. நலமான திசுவும் நோயுற்ற திசுவும் திரும்பும் வேகம் வேறு வேறு. அந்த வேறுபாடே படமாகிறது. 1973இல் பால் லாட்டர்பர் இம்முறையில் நீர் நிரப்பிய இரு சிறு குழாய்களின் படத்தை முதன்முதலில் வெளியிட்டபோது, அவரும் வெவ்வேறு திசைகளிலிருந்து நிழல்களைப் பெற்றே உருவத்தைக் கட்டினார். பிற்கால எம்.ஆர்.ஐ. கருவிகள் பெரும்பாலும் ஃபூரியர் முறைக்கு மாறின.

இன்று இரண்டு ஸ்கேன்களும் தத்தம் வேலையைச் செய்கின்றன. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் விபத்துக்குள்ளாகி மயங்கிக் கிடப்பவருக்குச் சி.டி. ஸ்கேனே முதலில் உதவும். இரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும் அது சில நிமிடங்களில் காட்டிவிடும். மூளையில் இரத்த ஓட்டம் தடைப்பட்ட சிறு பகுதி, முதுகெலும்புத் தட்டு விலகி நரம்பை அழுத்தும் இடம், காற்பந்து ஆடியபோது கிழிந்த மூட்டு நாண், இதயத் தசையின் தழும்பு, கல்லீரலில் உள்ள கட்டி ஆகியவற்றை எம்.ஆர்.ஐ. நுட்பமாகக் காட்டும். காந்தம் வலியது என்பதால் உலோகப் பொருள்களோடு அந்த அறைக்குள் நுழையக் கூடாது. இதயமுடுக்கி பொருத்தியவர்கள் அதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

1979ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு சி.டி. ஸ்கேனுக்காக ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் ஆலன் கார்மக்குக்கும் வழங்கப்பட்டது. 2003இல் எம்.ஆர்.ஐ. கண்டுபிடிப்புக்காக லாட்டர்பருக்கும் பீட்டர் மேன்ஸ்ஃபீல்டுக்கும் வழங்கப்பட்டது. இராமச்சந்திரனுக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை. 1977இல் இலண்டன் அரச கழகம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. 1999இல் அனைத்துலகப் படிகவியல் ஒன்றியம் எவால்டு பரிசை வழங்கியது. அப்போது அவரது உடல் தளர்ந்திருந்தது. மூளையின் ஒரு பகுதியில் உள்ள உயிரணுக்கள் படிப்படியாக அழிவதால் வரும் பார்க்கின்சன் நோய் அவரைப் பற்றியிருந்தது. சாதாரண ஸ்கேனில் எளிதில் புலப்படாத நோய் அது. இன்றும் மருத்துவர்கள் அதைக் கைநடுக்கம், நடை, அசைவு ஆகியவற்றைக் கூர்ந்து கவனித்தே பெரும்பாலும் அறிகிறார்கள். மூளையைப் பார்க்க உலகுக்கு வழிகாட்டியவரின் மூளையிலேயே, படம் பிடிக்க அரிதான நோய் குடியேறியது. 1998இல் மனைவி இராஜலட்சுமியை இழந்த அவர், 2001ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் சென்னையில் காலமானார்.

ஸ்கேன் அறைக்கு வெளியே காத்திருக்கும் குடும்பத்தினர் பலருக்கு இராமச்சந்திரனின் பெயர் தெரியாது. முடிவு என்னவாக இருக்குமோ என்ற கவலையே அவர்கள் மனத்தை நிறைத்திருக்கும். உள்ளே கருவி சுழல்கிறது. நிழல்கள் ஒவ்வொன்றாகச் சேர்கின்றன. கணினி அவற்றைத் திருத்திக் கூட்டுகிறது. கட்டி இருந்தால் எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது என்று மருத்துவர் சொல்வார். இல்லையென்றால் இல்லை என்று உறுதியாகச் சொல்வார். ஊகத்திற்கு இருந்த இடத்தில் இப்போது ஒரு படம் இருக்கிறது. வசதி குறைந்த ஆய்வுக்கூடத்தில், பிறர் கூறிய குறையைக்கூடக் கேள்வியாக மாற்றிக்கொண்ட ஒருவரின் உழைப்பும் அந்தப் படத்திற்கு வழி அமைத்தது.